கொப்பளிக்காத வீடு

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் கேளுங்கள். திண்டிவனத்தில் உங்கள் மாமா வீட்டுக்குப் போனால், "கொப்பளிக்காத ஊட்டுப் புள்ளைங்க வந்துட்டாங்க" என்று சிரிக்கிறார்கள் அல்லவா? சிரிக்கட்டும். ஆமாம், நம் வீட்டில் பல் விளக்கிவிட்டு யாரும் வாய் கொப்பளிப்பதில்லை. நுரையைத் துப்புவோம், அவ்வளவுதான். அது எப்படி வந்தது என்று அப்பா எழுதி வைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். தலையை மட்டும் குனியாதீர்கள்.

பாப்பா, உனக்கு மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் விழுந்து முளைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் நீ சிரித்தபோது பார்த்தேன். இரண்டு பல்லிலும் ஈறு ஓரமாக, சுண்ணாம்பைத் தடவியது போல ஒரு வெள்ளைக் கோடு. நான் பெயிண்டர். ஈரம் ஏறிய சுவரில் உப்புப் பூத்து நிற்பதைத் தினமும் பார்க்கிறவன். அதே மங்கலான வெள்ளை. என் கைக்குத் தெரிந்தது சுரண்டுவதுதான். போனில் எவரோ சொன்னார் என்று எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டு நான்கு நாள் தேய்த்தேன். எரியுது என்று நீ அழுதாய். "கறை போவணுமா வேணாமா?" என்று அதட்டினேன். அது என் தப்பு. இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

ஐந்தாம் நாள் உங்கள் அம்மா என் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். "சொவுராய்யா அது? ஜல்தியா டாக்டருகிட்ட இட்டுக்கினு போ."

விழுப்புரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பல் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். உன் பல்மேல் காற்றை அடித்துக் காயவைத்து, விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எலுமிச்சம்பழக் கதையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"புளிப்பை வெச்சுத் தேய்ச்சீங்களா? புளிப்புதாங்க பல்லைக் கரைக்கறதே. இது சொத்தையோட ஆரம்பம். உள்ள சத்து கரைஞ்சிருக்கு. நல்ல வேளை, இன்னும் குழி விழல."

"அப்ப சொரண்டி, சொவுத்துக்குப் பட்டி பாக்கற மாதிரி அடைச்சிடலாமா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"பெயிண்டர்ங்க."

"அதான். சொரண்டவே கூடாதுங்க. மேல் பூச்சு முழுசா இருக்கு. அதை உடைச்சா வாழ்நாள் பூரா அடைச்சுக்கிட்டே இருக்கணும். நான் வார்னிஷ் வைக்கிறேன்."

"வார்னிஷா? கதவுக்கு அடிக்கிறதா?"

நீ நாற்காலியில் படுத்துக்கொண்டே சிரித்தாய். அந்த நான்கு நாளுக்குப் பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"இது வேற. ஃப்ளோரைடு மருந்து. ஆனா மருந்து துணைக்குத்தான். போன சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து ஒட்டவைக்கிறது உமிழ்நீர்."

நான் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தேன். "எழுதிக் குடுங்க மேடம். எந்தக் கடையில கெடைக்கும்?"

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எச்சில்ங்க. பாப்பா வாயிலயே இருக்கு."

பிறகு பொறுமையாகச் சொன்னார். தின்ற இனிப்பு வாயில் புளித்துப் பல்லிலிருக்கும் சத்தைக் கரைக்கும். எச்சில் ஊறி ஊறிப் புளிப்பை அடக்கி, தன்னிடமுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பல்லில் ஏற்றும். ஓயாமல் தின்றுகொண்டே இருந்தால் அதற்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு, காலையிலும் ராத்திரியும். விழுங்காமல் நுரையைத் துப்ப வேண்டும். உடனே கொப்பளித்தால் மருந்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும். "ஆறு மாசம் பாக்கலாம். நின்னுடுச்சுன்னா பல்லைத் தொடவே வேணாம். குழி விழுந்துட்டா மெஷின் வெக்கறதைத் தவிர வழி இல்ல."

மெஷின் என்றதும் நீ என் விரலைப் பிடித்தாய். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த இரண்டு பல்லிலும் மெஷின் படக் கூடாது.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரே சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. உமிழ்நீர் என்றால் மருந்துக் கடைச் சரக்கு மாதிரி இருக்கிறது. எச்சில் என்றால்? அந்தச் சொல்லை நான் பெயிண்ட் அடிக்கப் போன எத்தனை வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன்! கொத்தனாருக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குக் காகிதக் கப். தண்ணீர் கேட்டால் சொம்பு வரும். "வாய் வெச்சிடாத, தூக்கிக் குடி" என்பதும் கூடவே வரும். என் அப்பா காணை என்ற ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போன இடங்களில் இரண்டு கையையும் குவித்து நிற்பார், மேலேயிருந்து ஊற்றுவார்கள். அண்ணாந்து குடித்தே பழகி, சொந்த வீட்டில்கூட டம்ளர் என் உதட்டில் படாது. இப்போது ஒரு டாக்டர் சொல்கிறார், என் மகளின் எச்சில்தான் அவள் பல்லைக் கட்டப்போகிறது என்று. நான் ஏன் அதைக் கழுவிக் கொட்டச் சொல்ல வேண்டும்?

அன்று ராத்திரியிலிருந்து நால்வருமே கொப்பளிப்பதை விட்டோம். உங்கள் அம்மாவுக்குத்தான் முதல் வாரம் குமட்டியது. மூன்று மாதம் கழித்து இரண்டாம் முறை வார்னிஷ் வைத்தார்கள். கோடு அப்படியேதான் இருந்தது. பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை.

அடுத்த மாதம் மாமா வீட்டில் காதுகுத்து. விடியற்காலை குழாயடியில் சொந்தக்காரர்கள் எல்லாம் வரிசையாக நிற்கிறார்கள். நீ விளக்கினாய், துப்பினாய், பிரஷை உதறிக்கொண்டு உள்ளே போனாய். உன் அத்தை வழியை மறித்தாள்.

"ஏய், நில்லுடி. வாய் யாரு கொப்பளிப்பா?"

"எங்க வீட்ல இப்டித்தான் அத்தை."

"எச்ச வாயோட பூசை நடக்கற ஊட்டுக்குள்ள வருவியா? போய்க் கொப்பளிச்சிக்கினு வா."

நீ என்னைப் பார்த்தாய். ஒரு நாள் கொப்பளித்தால் பல் கொட்டிவிடாது. அது எனக்கும் தெரியும். கூட்டத்தில் எதற்கு வம்பு, சரி என்று சொல்லிவிடலாம் என வாய்வரைக்கும் வந்தது. ஆனால் உன் கண்ணில் அன்றைக்கு எலுமிச்சம்பழத்தோடு நான் நின்றபோது இருந்த அதே பார்வை.

நான் என் பிரஷை எடுத்தேன். அத்தனை பேர் முன்னாலும் நிதானமாக விளக்கித் துப்பினேன். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு உன் பக்கத்தில் போய் நின்றேன். "நானும் அப்டித்தாம்மா. ரெண்டு பேரையும் வாசல்லயே ஒக்கார வெச்சிடு."

மாமா ஓடி வந்தார். அவர் பேக்கரி வைத்திருப்பவர். டாக்டர் சொன்னதைச் சொல்லி, உனக்குக் கிரீம் பன்னைக் கண்ட நேரத்தில் கொடுக்க வேண்டாம், சோற்றோடு சேர்த்துக் கொடுங்கள் என்று சொன்னதிலிருந்தே என்மேல் கோபம்.

"இன்னா மாப்ளே, பேஜாரு பண்ற? மொதல்ல எம் பன்னு விஷம்னே. இப்ப எங்க ஊட்டுத் தண்ணியும் ஆவலியா? த்தூ, எச்ச வாயி!"

"மச்சான், உன் வாயில இன்னா ஊறுது, பன்னீரா?"

குழாயடியே சிரித்தது. உன் அத்தைகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "படிச்ச டாக்டர் சொன்னா நம்ப மாட்டோம்னா சொல்றோம்? பூசைக்கு ஒரு சுத்தம் கெடையாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். காது குத்தும்போது நாம் இரண்டு பேரும் பின்னால்தான் நின்றோம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை காலியாகவே இருந்தது. நீ வந்து அதில் உட்கார்ந்தாய். "அப்பா, எனக்குக் கேசரி இப்பவே வெச்சிடச் சொல்லு. சோத்தோட முடிச்சிடறேன்" என்றாய். எனக்கு அது போதும்.

ஆறாம் மாதம் டாக்டர் மறுபடியும் காற்றை அடித்துப் பார்த்தார். நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.

"நின்னுடுச்சுங்க. பாருங்க, பளபளன்னு கெட்டியாயிடுச்சு. லேசா வெள்ளை தெரியும், தழும்பு மாதிரி. பழக்கத்தை விட்றாதீங்க."

இது மந்திரம் இல்லை, பிள்ளைகளே. குழி விழுந்திருந்தால் எந்த எச்சிலும் அதை அடைத்திருக்காது. முன்னாலேயே பார்த்தோம், விடாமல் செய்தோம், நடந்தது. மாமா இன்னும் சிரிக்கத்தான் செய்கிறார். பாப்பா, கேட்டால் உன் பல்லைக் காட்டு. வேறு பதில் வேண்டாம்.

நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டேன். பழக்கத்தில் தலை தானாக அண்ணாந்தது. தலையை இறக்கினேன். டம்ளரின் விளிம்பில் உதட்டை வைத்து, வாய் வைத்தே, கடைசிச் சொட்டு வரைக்கும் மெதுவாகக் குடித்தேன்.