செம்பிக்கும் ஒரே தொண்டைதான்

பதினெட்டு வயசில் கொழுந்துக்கூடை மாட்டிய இன்பமேரிக்கு இப்போது நாற்பத்தாறு. மூணாறுக்கு மேலே அந்தத் தேயிலை எஸ்டேட்டில், மானேஜர் பங்களாவில் பழசானதெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேரும்: சாயம் போன ஸ்வெட்டர், பிடி உடைந்த குக்கர். அவள் எதையும் வேண்டாம் என்றதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு மானேஜர் மனைவி, அதாவது தொரையம்மா, இன்பமேரியின் நாட்டு நாய் செம்பிக்குக்கூட ஒரு பை கொடுத்தனுப்பினாள். எல்லாம் பங்களா நாய் கடித்துப் போட்ட பொம்மைகள்.

அதில் ஒரு ரப்பர் வாத்து. அமுக்கினால் கீச்சென்று கத்தும். மூன்றாம் நாள் வாத்து கத்தவில்லை. செம்பி கஞ்சியைத் தொடவில்லை, குடித்த தண்ணீரையும் கக்கினாள்.

இன்பமேரி வேலையைப் போட்டுவிட்டு, ஜீப் பிடித்து மிருகாசுபத்திரிக்கு ஓடினாள். டாக்டர் ஜிபி மயக்க ஊசி போட்டு, தொண்டையில் சிக்கியிருந்த, வாத்தைக் கத்தவைக்கும் பிளாஸ்டிக் ஊதியை இடுக்கியால் எடுத்தார்.

"பொம்மை கொடுக்கலாம் சேச்சி. ஆனா முழுங்க முடியாத அளவுக்குப் பெருசா இருக்கணும். ஊதி, பட்டன் எதுவும் ஆகாது. நகத்தால அழுத்தினா கொஞ்சம் பதியணும். கல்லு மாதிரி இருந்தா பல்லு உடையும். கிழிஞ்சா அன்னைக்கே தூக்கிப் போட்டிரணும்."

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அதே சேலையோடு பையைத் தூக்கிக்கொண்டு பங்களா வாசலில் போய் நின்றாள்.

"நாட்டு நாய்தானே மேரி, தாங்கும்னு நெனச்சேன்," என்றாள் தொரையம்மா.

"அதுக்கும் ஒரே தொண்டைதாம்மா. ஒங்க நாய்க்கு ஆகாதுன்னு ஒதுக்கினது, எங்க நாய்க்கு மட்டும் எப்படி ஆகும்? இனிமே பழசு எதுவும் எங்க வீட்டுக்கு அனுப்பாதீங்க."

பையை வாசற்படியில் வைத்துவிட்டு லயத்துக்கு நடந்தாள்.

மறுநாளே சூப்பர்வைசர் யாக்கோபு அவளைச் செங்குத்துச் சரிவில் கொழுந்து பறிக்க மாற்றினார். "பங்களாவுல போயி வாய் காட்டினேல்ல, ஏறு."

"ஏறுதேன். பொறந்ததுலருந்து ஏறிட்டுத்தான இருக்கேன்?"

அடுத்த வாரம் மூணாறு கடையில் பந்துகளையெல்லாம் நகத்தால் அழுத்தினாள். "நாட்டு நாய்க்கா இவ்வளவு பார்க்கிறே?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"ஆமா, அதுக்குத்தான். அந்தப் பெருச எடுங்க."

செம்பி புதுப் பந்தை முகர்ந்துவிட்டு, செருப்பைக் கவ்வப் போனாள். இன்பமேரி பந்தில் கருவாட்டைத் தேய்த்து உருட்டிவிட்டாள். அவ்வளவுதான்! லயத்துப் படிக்கட்டில் பந்து துள்ள, நாய் பாய, பின்னாலேயே இன்பமேரியும் கொழுந்துக்காட்டு பூட்ஸோடு ஓடினாள். யாக்கோபு அந்த வழியாக வந்தார். அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. அவர்தான் ஒதுங்கி வழிவிட்டார்.