வாய் வைத்துக் குடிக்கச் சொன்னவர்

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்று அரியலூரிலிருந்து தேன்மொழி போன் செய்தபோது, நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன். "நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்டி" என்றாள். குடிக்காமல் பாட்டிலை மூடிவிட்டு ஜெயங்கொண்டம் பஸ்ஸைத் தேடினேன்.

எங்களோடு கபடி ஆடிய உங்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர்; ஜெயங்கொண்டத்தில் பைக் மெக்கானிக். எங்கள் கல்லூரியில் அவர் படித்ததில்லை. அவர் வீட்டுப் பெண் யாரும் எங்கள் அணியில் இல்லை. ஆனாலும் பெரம்பலூரில் பெண்கள் கபடி என்றால் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு நீல டிரம்மைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மைதானத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, வீட்டில் காய்ச்சிக் கொண்டுவந்த நன்னாரிப் பாகைக் கலந்து, எலுமிச்சை பிழிவார். முதல் டம்ளர் எப்போதும் எதிரணிக்குத்தான். "ஏண்ணே, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டால், "தொண்ட காஞ்ச புள்ளைங்கள ஜெயிச்சு என்னாடி பெரும?" என்பார்.

இருந்தது ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். அதற்கு ஒரு சட்டமும் உண்டு. வீட்டுப் பழக்கத்தில் நாங்கள் அண்ணாந்து ஊற்றிக்கொண்டால் விடமாட்டார். "ஏய், வாய வச்சுக் குடி. என்னா, பயமா?" ஒருமுறை நடுவரிடமும் அதையே சொன்னார். நடுவர் முறைத்தார், பிறகு வாய் வைத்துக் குடித்தார். இந்த மனிதருக்கு இதில் என்ன பிடிவாதம் என்று எனக்கு விளங்கவே இல்லை. கேட்டால், "ருசி நாக்குக்குத் தெரிய வேணாமா?" என்று மழுப்புவார்.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் மைதானத்தில் பல கல்லூரிகள் ஆடும் போட்டி நடந்தது. முதல் நாள் ஆட்டங்கள் முடிந்தன. மறுநாள் காலையில் எங்கள் விடுதியில் சிலருக்குக் கண் மஞ்சளாகியிருந்தது. காமாலை. போட்டியை நிறுத்திவிட்டார்கள். வெளியூர் அணிகள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறின. பூலாம்பாடியிலிருந்து வேன் பிடித்து வந்த ரசிகர்கள் கேட்டுக்கு வெளியே மேளத்தோடு நின்று எங்கள் பெயர்களைக் கத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். "காலனிக்காரன் கலக்கிக் குடுக்குறதக் குடிச்சா இப்படித்தான் ஆவும்" என்று ஆபீஸ் மேனேஜர் எங்கள் காதுபடச் சொன்னார். காலனி என்ற சொல்லை இங்கே எந்த அர்த்தத்தில் சொல்வார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணனை உள்ளே விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு போனது.

காய்ச்சலில் கிடந்த அறைத்தோழியோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் அந்த டிரம்மைப் பற்றிக் கேட்டேன். "நேத்து குடிச்சது இன்னைக்குக் கண்ணுல தெரியாதும்மா. வாரக்கணக்குல ஆகும். உங்க ஹாஸ்டல் தண்ணிய மொதல்ல பாருங்க" என்றார். விடுதித் தொட்டியை ஒட்டிப் போகும் கழிவுநீர்க் குழாய் உடைந்து கிடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பலமுறை சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை.

நல்ல செய்தி சொல்வதாக நினைத்து ஜெயங்கொண்டத்துக்கு ஓடினேன். "உங்க மேல தப்பே இல்லண்ணே, தொட்டித் தண்ணிதான் கெட்டது" என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மைதானத்துக் குழாயும் அதே தொட்டிதானா?"

"ஆமாண்ணே."

"அப்ப வெளியூருப் புள்ளைங்களுக்கு அந்தத் தண்ணியக் குடுத்தது நாந்தான?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அரியலூர் கல்லூரி வாசலில் நின்றார். நானும் கூடப் போனேன். "நீங்களே ஒத்துக்கிட்டீங்கன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்கண்ணே" என்று வழியெல்லாம் தடுத்துப் பார்த்தேன். "சொல்லட்டும். அதுங்களுக்கு முன்னாடியே தெரியணும்ல." அந்த அணியின் கேப்டன் தேன்மொழி வெளியே வந்தாள். "தாயி, நான் குடுத்தது கெட்ட தண்ணி. தெரியாமக் குடுத்துட்டேன். சோறு எறங்கலன்னா, ஒடம்பு அசந்துச்சுன்னா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடு" என்றார். அவள் சிரித்தாள். "எங்கள ஜெயிக்க முடியாதுன்னு இந்த வேலையாண்ணே?" அவர் சிரிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான், நான் கேட்காமலே, அந்தச் சட்டத்துக்குக் காரணம் சொன்னார். இளவயதில் ஒரு ஊரில் கபடி ஆடப் போயிருக்கிறார்கள். எதிரணிக்கு டம்ளரில் தண்ணீர். இவர் அணிக்குக் கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். "கப்பு நாங்கதான் வாங்கினோம். டம்ளரு மட்டும் தரல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படியே மற்றக் கல்லூரிகளுக்கும் தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சில வாரங்களில் தேன்மொழிக்குக் காமாலை வந்தது. முன்பே தெரிந்திருந்ததால் கண்ட மருந்தைத் தேடி அலையாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேறினாள். எங்கள் கல்லூரியில் உடைந்த குழாயைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள். மேனேஜர் தான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

அடுத்த ஆண்டு போட்டி மீண்டும் நடந்தது. ரசிகர்களை உள்ளே விடவில்லை. அண்ணன் கம்பி வேலிக்கு வெளியே அதே டிரம்மோடு நின்றார். வீட்டில் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர். இந்தமுறை வேன் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். யாரும் பக்கத்தில் போகவில்லை. தேன்மொழிதான் முதலில் போய்க் கம்பிக்கு இடையில் கையை நீட்டினாள். டம்ளரை நிரப்பிக் கொடுத்தவர், மெதுவாகச் சொன்னார்: "அண்ணாந்து குடி, தாயி."

அப்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த உடைந்த குழாயின் மேல் எனக்கு இன்றும் அடங்காத கோபம் அதனால்தான்.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனோம். நீல டிரம் வாசலில் இருந்தது. "கொதிக்க வச்சதுதான், குடிங்கம்மா" என்று அவர் மனைவி மேரி அக்கா அதே டம்ளரை நீட்டினார். தேன்மொழி வாங்கி அண்ணாந்தாள். ஏதோ நினைத்துக்கொண்டவளாக டம்ளரை இறக்கி, வாய் வைத்துப் பாதி குடித்தாள். மீதியை என்னிடம் கொடுத்தாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: யார் தண்ணீர் கொடுத்தாலும் அது எந்தக் குழாய்த் தண்ணீர் என்று கேட்கிறேன். யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்பதில்லை. அன்று மேரி அக்கா கொடுத்ததை வாய் வைத்துத்தான் குடித்தேன்.