லிஃப்ட்டக்கா வரைந்த கணினி

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவளைத் தெருவே லிஃப்ட்டக்கா என்றுதான் கூப்பிடும். அவளுக்கும் அதில் கொள்ளைப் பெருமை. போன மாதம் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி எறிந்தபோது, உள்ளே இருந்த மைக்ரோபிராசசரை மட்டும் கேட்டு வாங்கி வந்தாள். நாற்பது கால்களோடு பூரான் மாதிரி ஒரு கறுப்புச் சிப். அதை மூளையாக வைத்துத் தானே ஒரு கணினி கட்டப்போவதாக வீட்டில் அறிவித்தாள்.

"கடையில விக்குதே, வாங்கினாப் போச்சு" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"சாப்பாடும்தான் கடையில விக்குது. நீங்க ஏன் தினம் அடுப்படியில நிக்கிறீங்க?"

அவர் குழம்பைக் கிளறப் போனார்.

அந்த ரகச் சிப்பை இப்போது யாரும் செய்வதில்லை. இருப்பது ஒன்றே ஒன்று. கம்பிகளை இணைக்கும் வரைபடத்தில் பிசகு இருந்தால் மின்சாரம் கொடுத்ததும் அது கருகிப் போகலாம். அதனால் பற்றவைக்கும் சாலிடரிங் அயர்னைத் தொடாமல் மூன்று வாரம் காகிதத்தோடு மல்லுக்கட்டினாள். அவள் மனதில் அந்தக் கணினி அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் தளங்கள் கொண்ட கட்டடம். பிராசசர் ஒரு தளத்தின் எண்ணைச் சொன்னால், அந்தத் தளத்துக்கு உரிய சிப் மட்டும் கதவைத் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிறு காலை மூன்று பேரைச் சாப்பாட்டு மேசையில் சிப்புகளாக உட்கார்த்தினாள். தையல் வேலை செய்யும் அவளுடைய சொந்த அக்கா, அழியாத நினைவகம். கணவர், எழுதி அழிக்கிற நினைவகம். நர்ஸ் மகள், திரையும் விசைப்பலகையும். அவரவர் தள எண்கள் ஆளுக்கொரு சீட்டில். லிஃப்ட்டக்காதான் பிராசசர்.

"நூறு!"

அக்கா கை தூக்கினாள்.

"நாப்பதாயிரம்!"

கணவர் தூக்கினார்.

"அம்பதாயிரம்!"

மகள் கை தூக்கினாள். கணவரும் தூக்கினார்.

"உங்களை யாருங்க கூப்பிட்டா? எதுலயும் முந்திரிக்கொட்டை!"

"சீட்டைப் பாரும்மா. முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேல எல்லாம் எனக்குன்னு நீதான் எழுதியிருக்க."

"அவரைத் திட்டாதடி" என்றாள் அக்கா. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இன்னைக்குத்தான் சொன்னதைச் செஞ்சிருக்காரு."

சீட்டை வாங்கிப் பார்த்ததும் லிஃப்ட்டக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய சீட்டை அவள் எழுதியது முதல் வாரம். திரைக்கு இடம் ஒதுக்கியது மூன்றாம் வாரம். அவருடைய மேல்தளங்களில் பாதியை மகளுக்குக் கொடுத்தவள், அதை அவர் சீட்டில் குறைக்கவே இல்லை. இரண்டு பதில்கள் ஒரே கம்பியில் முட்டியிருந்தால் பூரான் அன்றே சாம்பல்.

"தப்பு என்னோடதுதான்."

"இன்னொரு தடவை சொல்லேன், சரியா கேக்கல" என்றார் கணவர்.

அவள் காதில் வாங்காமல் ரப்பரை எடுத்தாள். மகளைக் கூப்பிடும்போது கணவரை வாயடைக்க ஒரு கம்பியும் ஒரு குட்டிச் சிப்பும் போதும். அதை வரைந்து முடிக்க அரைமணி ஆயிற்று. மறுபடி சோதித்தார்கள். அப்பா முடிந்து தான் தொடங்கும் எல்லை எண்களைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள்.

"நாப்பத்தொன்பதாயிரத்து நூத்தி அம்பத்தொண்ணு!" கணவர்.

"அம்பத்திரண்டு!" மகள் மட்டும். கணவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சோதித்த மெக்கானிக் கையெழுத்துப் போடாமல் எந்த லிஃப்டிலும் ஆள் ஏறக்கூடாது. வரைபடத்தின் மூலையில் தேதியோடு கையெழுத்திட்டவள், பேனாவைக் கணவரிடம் நீட்டினாள்.

"நான் எதுக்கும்மா?"

"பிசகைப் பிடிச்சது நீங்கதானே? போடுங்க."

பெரிய அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போட்டார். அவள் எழுந்து போய் சாலிடரிங் அயர்னைச் சூடேற்றினாள்.