கொடிமரத்தடியில் நிற்பவள்

துறைமுகத்துக்குள் வெள்ளைக் கப்பல் ஒன்று வந்துவிட்டதென்று காதில் விழுந்தால், அன்றைக்கு லிங்கநகரில் புஷ்பவதியைத் தேடிப் போய்ப் பிரயோசனமில்லை. அடுப்பில் கறி கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு, முகத்தைக் கழுவி, பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்க் கொடிமரத்தடியில் நின்றுவிடுவாள். கப்பல் கூவிப் புறப்படும் மட்டும் அந்த இடத்தை விட்டு அசையமாட்டாள். சிலர் விசர், மூளை பிசகிவிட்டது என்றார்கள். சிலர் நேர்த்திக்கடன் என்றார்கள். எங்கள் ஊர்ச் சனத்துக்கு ஒரு விஷயம் தெரியாவிட்டால் அதற்கு இரண்டு காரணமாவது கட்டிவிடாமல் நித்திரை வருமா? விசருமில்லை, நேர்த்தியுமில்லை. அது பயம். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் அதைச் சொன்னதில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு, வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டு மூட்டை கட்டிய வருஷம், புஷ்பவதிக்கு இருபத்தாறு வயது. திருக்கடலூர்க்காரி. அதற்கு நாலைந்து வருஷம் முந்தியே, கொழும்புத் துறைமுகத்தில் வேலையென்று போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். நாசமாய்ப் போவான். இவள் அழுதுகொண்டிருக்காமல், கப்பல் திருத்தும் டொக்யாட்டில் உத்தியோகம் பார்த்த ஹார்வி துரை வீட்டுக்கு ஆயாவாகப் போனாள். துரையின் மகள் லூசியைப் பிறந்த நாற்பதாம் நாள் கையில் வாங்கியவள் அவள்தான். நாலு வயதில் அந்தப் பிள்ளை தாயோடு இங்கிலிஷில் பத்துச் சொல் கதைத்தால் ஆயாவோடு தமிழில் நூறு சொல் கதைத்தது. வெள்ளிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போவதாகத் துரைசாணியிடம் சொல்லிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே பத்திரகாளி கோயிலுக்குப் போவாள். திருவிழாக் காலத்திலும் விட்டதில்லை. சனம் நெரிக்கும்போது, எங்கள் ஊரில் எல்லாத் தாய்மாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

"லூசி, சனத்துக்குள்ள துலைஞ்சு போனா அழுதுகொண்டு ஓடித் திரியக்கூடாது. எங்க நிக்கோணும்?"

"கொடிமரத்தடியில."

"ஆயா எங்க வருவன்?"

"கொடிமரத்தடிக்கு!"

துரை குடும்பம் ஊருக்குக் கப்பலேறியபோது புஷ்பவதியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கடற்பயணத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இங்கிலாந்தில் மூன்று கிழமை இருக்க வேண்டும், பிறகு அடுத்த கப்பலில் திரும்பிவிட வேண்டும். அதுதான் பேச்சு. கொட்டியாரக் குடாவைத் தாண்டி அறியாதவளுக்குக் கடல் மட்டும் பழகிய சாமான். மற்றதெல்லாம் பயம்.

பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ கப்பல் இத்தாலியில் நேப்பிள்ஸ் துறையில் கட்டியது. காலையில் கட்டினால் பின்னேரம் மூன்று மணிக்குக் கயிறு அவிழ்க்கும். அதற்கிடையில் பயணிகளை பஸ்ஸில் ஏற்றி, ரோமர் காலத்தில் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பொம்பெய் நகரத்தைக் காட்டிக்கொண்டு வருவார்கள். துரை தலையிடியென்று கப்பலில் படுத்துவிட்டார். துரைசாணி புறப்பட்டாள். லூசி ஆயா இல்லாமல் வரமாட்டேனென்று தரையில் உருண்டாள். ஆகவே ஆயாவும் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ்ஸில் வழிகாட்டி எழுந்து நின்று, பன்னிரண்டரைக்கு எல்லோரும் வாசலில் நிற்க வேண்டும், பிந்துகிறவர்களுக்காக பஸ்ஸும் நிற்காது, கப்பலும் நிற்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சமையலறையில் கேட்டுப் பழகிய குசினி இங்கிலிஷ்தான் என்றாலும் அது புஷ்பவதிக்கு வடிவாக விளங்கியது. அவளுடைய பாஸ்போர்ட் துரையின் பெட்டிக்குள் இருந்தது. இந்த நாட்டில் பஸ்ஸைத் தவறவிட்டால் தன் பெயரைச் சொல்லக்கூட ஒரு நாதி இல்லையே என்று அவளுக்குப் பயம் பிடித்தது. லூசியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

வாசலுக்குள் ஏறிய கொஞ்சத் தூரத்திலேயே ஒரு பழங்கோயில். கூரையில்லை, பாதித் தூண் முறிந்து கிடந்தது. நடுவில் உயரமான படிக்கட்டு, படிக்கட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கல்தூண் நிமிர்ந்து நின்றது. கோயில் என்று வழிகாட்டி சொன்னதுதான் தாமதம், புஷ்பவதி தன் செருப்பைக் கழற்றினாள். குனிந்து லூசியின் சிவப்புச் சப்பாத்தையும் கழற்றி வாசற்கல்லின் ஓரமாக வைத்தாள். வெள்ளைக்காரர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. கோணேசர் கோயிலைப் பறங்கி இடித்துக் கடலில் தள்ளி முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும், வெறும் பாறைக்கும் கடலுக்கும் கற்பூரம் காட்டச் செருப்பில்லாமல் மலையேறிய ஊர்க்காரி அவள். கோயில் இடிந்தால் சாமி போய்விடும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

லூசி அந்தத் தூணை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆயா, கொடிமரமா?"

"ஓமடி குஞ்சு, இவையின்ர கொடிமரம். கும்பிடு."

இருவரும் கும்பிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கூட்டம் மற்றப் பக்கத்தால் போய்விட்டது. வழிகாட்டி அங்கிருந்து கைதட்டிக் கூப்பிட்டான். புஷ்பவதி பதறிப்போய்ப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். செருப்பு ஞாபகம் வரவேயில்லை.

அதற்குப் பிறகு தெருத்தெருவாக நடந்தார்கள். ஆளில்லாத வீடு, ஆளில்லாத கடை, ஆளில்லாத கிணறு. ஒரு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிகள் இருந்தன. அதற்குள் சாம்பல் நிறத்தில் மனிதர், முகத்தைப் பொத்தியபடி, குப்புற விழுந்தபடி. சாம்பலுக்குள் செத்தவர்கள் கிடந்த இடத்தில் சாந்து ஊற்றி எடுத்த உருவம் என்றான் வழிகாட்டி. அதில் ஒன்று சின்னப் பிள்ளை. லூசியின் அளவுதான் இருக்கும். ஓடும்போது தாயைத் தவறவிட்டதோ என்னவோ, தனியாகக் கிடந்தது. புஷ்பவதி லூசியின் கண்ணைப் பொத்தினாள். அந்த மலை பதின்மூன்று வருஷத்துக்கு முதலும் நெருப்புக் கக்கியதென்று அவன் விரலை நீட்டிக் காட்டினான். மலையுச்சியில் ஒரு முகில் கிடந்தது. அது முகில்தான் என்று அவளால் நம்ப முடியவில்லை.

அந்த மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோதுதான் பிள்ளையின் வெறுங்காலைக் கண்டாள். ஐயோ, சப்பாத்து! மாமியாரிடம் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தும்போது போடவென்று துரைசாணி கொழும்பில் பார்த்துப் பார்த்து வாங்கியது. துரைசாணி முன்னால் யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டு போனாள். அவள் இன்னும் காணவில்லை. கண்டால் சப்பாத்தோடு போகாது, வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போன கதையெல்லாம் வெளியே வரும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பிந்திவிடும். பக்கத்தில் கல்லாசனத்தில் கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி இளைப்பாறிக்கொண்டிருந்தாள். புஷ்பவதி லூசியை அவளருகில் இருத்தினாள். "இரண்டு நிமிஷம், பிளீஸ்" என்று கையைக் கும்பிட்டுக் காட்டினாள். கிழவி தலையை ஆட்டினாள்.

அதுதான் அவள் செய்த மடைத்தனம். வாழ்நாள் முழுக்க அந்த நிமிஷத்துக்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஒரே தெரு. அதே கல், அதே கூரையில்லாத சுவர். வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள், கோயிலைக் காணவில்லை. சப்பாத்து நாசமாய்ப் போகட்டும் என்று திரும்பி ஓடிவந்தால், கல்லாசனம் வெறுமையாக இருந்தது. கிழவியுமில்லை, பிள்ளையுமில்லை.

கூட்டத்தோடு போயிருப்பாள், வேறென்ன, என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள். சத்தம் வந்த பக்கம் ஓடி, கடைசியில் வாசலடியில் கூட்டத்தைக் கண்டுபிடித்தாள். கிழவி நின்றாள். துரைசாணி படம் போட்ட அட்டை வாங்கிக்கொண்டு நின்றாள். லூசி இல்லை.

"பிள்ளையா? உன் பின்னால்தானே ஓடி வந்தது" என்றாள் கிழவி.

துரைசாணி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எட்டிக் கையைத் தொட்டு, பிள்ளையைக் காணேல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. கறுப்பி பிள்ளையைத் துலைத்துவிட்டாள் என்பார்கள், இல்லாவிட்டால் விற்றுவிட்டாள் என்பார்கள், பொலிசில் கொடுப்பார்கள். அவள் நினைப்பில் அப்போது வந்தது பொலிஸ் கூட இல்லை, அந்தக் கண்ணாடிப் பெட்டிதான். பஸ் சாரதி ஹோர்னை ஒரு தரம் அடித்தான். அவள் திரும்பி உள்ளே ஓடினாள்.

"லூசீ! லூசிக்குட்டி!"

அந்தச் செத்த ஊரில் தன் குரலே தனக்குத் திரும்பி வந்தது. காவற்காரன் ஒருவன் ஏதோ கத்தினான். "பத்திரகாளித் தாயே, என்ர கண்ணை எடு, பிள்ளையைத் தா. அம்மா, பிள்ளையைத் தா" என்று புலம்பிக்கொண்டு நின்றவள், தாயே என்று சொன்ன வாயோடு அப்படியே நிறுத்தினாள். பத்திரகாளி கோயில். திருவிழா. நெரிசல்.

துலைஞ்சா எங்க நிக்கோணும்?

இப்போது அவள் நின்றது வாசலடி. காலையில் வந்த வழி அதுதான். ஏற்றத்தில் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பிள்ளை மறந்திருக்குமோ, நாலு வயதுப் பிள்ளைக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது, அங்கேயும் இல்லாவிட்டால் இந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒவ்வொரு அடியிலும் பயம் முன்னுக்கு இழுத்தது, பின்னுக்கும் இழுத்தது.

எந்தத் தெருவால் எப்படி வந்து சேர்ந்தாளோ, லூசி தனித்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். வெறுங்கால். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாகக் கிடந்தது. ஆயாவைக் கண்டதும் அழவில்லை. கோபம்தான் வந்தது.

"நீ துலைஞ்சு போட்டாய்! நான் கொடிமரத்தடியில நிண்டனான்."

புஷ்பவதி அந்தக் கல்லிலேயே விழுந்து பிள்ளையின் காலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு சின்னப் பாதமும் ஐஸாகக் குளிர்ந்திருந்தன. செருப்பும் சப்பாத்தும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. எங்கள் பத்திரகாளி கோயில் வாசலென்றால் இவ்வளவு நேரத்துக்கு அதுகளுக்கு வேறு கால் கிடைத்திருக்கும்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கடைசியாக ஏறியவர்கள் இவர்கள்தான். துரைசாணி மகளின் சப்பாத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். லூசி தாயின் மடியில் ஏறியிருந்து, ஆயா துலைந்த கதையை மூச்சுவிடாமல் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டாள் துரைசாணி.

"கோயில் நல்ல பெரிசாம், மேடம்" என்றாள் புஷ்பவதி.

மூன்று மணிக்குக் கப்பல் கயிறு அவிழ்த்தது. பயம் அவிழவில்லை. பிள்ளை இங்கிலிஷில் அதைச் சொல்லும் நாள் இன்றோ நாளையோ என்று இங்கிலாந்து போய்ச் சேரும் வரைக்கும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனால் பிள்ளை சொல்லவில்லை. அந்தக் கதை தமிழில் நடந்தது, தமிழிலேயே கிடந்துவிட்டது.

மூன்று கிழமை முடிந்த அன்று காலை துரைசாணி அவளைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"லூசியிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம், புஷ்பா. கத்திக் குழறுவாள். கடைக்குப் போயிருக்கிறாய் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்."

துரைசாணி பொல்லாதவள் இல்லை. தன் பிள்ளை அழக்கூடாதென்று நினைத்தாள், அவ்வளவுதான். புஷ்பவதி தலையை ஆட்டினாள். மேல் அறையில் பிள்ளை பொம்மையோடு தமிழில் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே பின்கதவால் இறங்கி, வாசலில் நின்ற காருக்குள் ஏறினாள். பிறகு ஒரு கடிதம் இல்லை. ஒரு படமும் இல்லை.

ஊருக்கு வந்து லிங்கநகரில் ஒரு வாத்தியார் வீட்டில் சமையலுக்கு நின்றாள். வருஷங்கள் போயின. உல்லாசப் பயணிகள் நிலாவெளிக் கடற்கரைக்கு வரத் தொடங்கினார்கள். துறைமுகத்துக்கும் எப்போதாவது ஒரு பயணிகள் கப்பல் வரும். காலையில் வந்து பின்னேரம் போய்விடும். வெள்ளைக்காரர் இறங்கி, கோட்டையைப் பார்ப்பார்கள், கோயிலைப் பார்ப்பார்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த நாட்களில்தான் புஷ்பவதி கொடிமரத்தடியில் நிற்பாள். அன்றைக்கு பஸ்ஸுக்குள் பிடித்த பயம் அப்படியே திரும்பப் பிடிக்கும்.

எண்பத்தொன்றில் ஒரு நாள், நல்ல வெயில். கோயில் வாசலில் கற்பூரம் விற்கும் தங்கத்துரைக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உங்கட கதை எனக்கும் கொஞ்சம் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இப்ப இருபத்தெட்டு வயசு இருக்கும். தமிழும் மறந்திருக்கும், உங்களையும் மறந்திருக்கும். அந்தக் கப்பலில வந்திருக்கிறா எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? அவவைத் தேடி இங்க நிண்டு என்ன பிரயோசனம்?"

"நான் ஆரையும் தேடி நிக்கேல்லைத் தம்பி."

"அப்ப?"

துறைமுகப் பக்கம் கப்பல் முதல் தரம் கூவியது. புஷ்பவதி கொடிமரத்தின் அடிப்பீடத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"அவ ஒரு நாளும் துலையேல்லை. சொன்ன இடத்தில நிண்டவ. கடைக்குப் போறனெண்டு துலைஞ்சு போனது நான். துலைஞ்ச ஆள்தானே இதில நிக்கோணும்."