மாமியும் மெயின் சுவிச்சும் அண்ணையின் வி.பி.என்னும்

உடுப்பிட்டிச் சந்தியைத் தாண்டி, தோளில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். தலைமுடியில் சோப்பு காய்ந்து விறைத்திருந்தது. அன்று மத்தியானம்வரை எனக்கு ஒரு வீடு இருந்தது.

வீடு கனடாவில் இருக்கும் ஒரு அண்ணையுடையது. வாடகை இல்லை. சாமியறைக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கறுப்புப் பெட்டி நிற்காமல் ஓட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பெரிய கிரிக்கெட் போட்டியை இலங்கைக்குள் மட்டும்தான் இணையத்தில் காட்டுவார்கள். முந்தின வருடம் ஏதோ கொம்பனிக்குக் காசு கட்டி, இணையத்தில் ஆள் இருக்கும் நாட்டை மாற்றிக் காட்டும் வி.பி.என் எடுத்தார். இலங்கை என்று சொல்லிவிட்டு அது சிங்கப்பூரால் சுற்றிப் போனதாம். ஒளிபரப்பியவர்கள் கண்டுபிடித்து மறித்துவிட்டார்கள். அதனால் சொந்தமாக ஒன்றை வீட்டிலேயே வைத்தார். அந்தப் பெட்டிக்குள்ளால் வந்தால் அவர் உடுப்பிட்டியில் இருந்து பார்க்கிற மாதிரித்தான்.

"சொந்தம் மாதிரி வருமேடா?" என்பார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தலையாட்டினேன்.

போட்டியின் கடைசி ஓவர். அண்ணை அங்கே நித்திரை முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் தலை முகமெல்லாம் சோப்போடு நின்றேன். எங்கோ இடி முழங்கியது. மோட்டர் நின்றது. தண்ணீரும் நின்றது. வாளியைப் பக்கத்து வீட்டு மாமி இரவல் வாங்கிப் போயிருந்தார்.

வீட்டுப் பூட்டின் திறப்பும் மாமியிடம்தான். ஆளில்லாத வீடுகளுக்கு அயலவர் வந்து விளக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இடி கேட்டால் மெயினை நிறுத்துவது மாமியின் வழக்கம். நான் வெளியே நிற்பதைப் பாராமல் நிறுத்தினார், பூட்டினார், கோயிலுக்குப் போய்விட்டார். உள்ளே என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் இடுப்பில் கட்டிய துவாயோடு நின்று சன்னலால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி திரும்பி வந்து கதவைத் திறந்ததும் ஓடிப்போய் எடுத்தேன்.

"ஆறு ரன்ஸ் வேணும், ஒரு பந்து கிடக்குது, படம் நிண்டிட்டுது! என்னடா செய்தனி?"

"மாமி மெயினை நிப்பாட்டிப் போட்டா, அண்ணை."

"சிங்கப்பூர்க்காரன் எவ்வளவோ திறம். அவனுக்கு மாமி இல்லை!"

மாமி போனைப் பறித்தார். "தம்பி, உன்ரை பெட்டி எரிஞ்சால் உன்ரை அப்பா கட்டின வீடும் சேர்ந்து எரியும். தெரியுமோ?"

"ஓம் மாமி" என்றார் அண்ணை.

மாமியோடு அண்ணை கோபிக்க முடியாது. திறப்பு மாமியிடம் இருந்தது. என்னோடு கோபிக்கலாம். போன் என் கைக்குத் திரும்பியதும் கோபித்தார்.

"சுவிச்சுக்குக் காவலாத்தானே உன்னை வைச்சனான்! வெளிக்கிடு."

அடுத்த நாள் காலை காங்கேசன்துறையில் ஒரு குளிர்பானக் கடையில் சேர்ந்தேன். ஐந்து குளிர்பெட்டிகளையும் காட்டிவிட்டு முதலாளி சொன்னார்: "தம்பி, இடி முழங்கினால் வேறை ஒண்டும் பாராதை. ஓடிப்போய் மெயினை நிப்பாட்டு. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன்.