வாயும் கையுறையும்

ஷூஜி தெரகுச்சிக்கு சீகல்ஸ் பேஸ்பால் அணியில் ஒன்பது வருடமாக ஒரே வேலை. ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்து மூலையில் குத்தவைத்து உட்கார்ந்து, அன்றைக்கு எறியப்போகிறவனின் பந்துகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஆட்டத்தில் அவனுக்கு இடமில்லை. முதுகில் மூன்று இலக்க எண் உண்டு. அந்த எண் போட்ட சட்டையை வாங்கி மாட்டிக்கொள்ள ஒரு ரசிகர்கூட இல்லை.

அவனும் ஹோஷினாவும் ஒரே நாளில் அணிக்கு எடுக்கப்பட்டவர்கள். இருவருமே எறிகிறவனின் பந்தைப் பிடிக்கும் கேட்சர்கள், விடுதியில் ஒரே அறை. ஆனால் அணியில் கேட்சருக்கு ஒரு நாற்காலிதானே! ஹோஷினா அதில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. மைதானத்துக் கடையில் ஹோஷினா பெயரிலேயே ஒரு சாப்பாட்டுப் பெட்டி விற்கிறது, பொரித்த கோழியும் முட்டைச் சுருளும். தெரகுச்சி அதைத் தொட்டதில்லை. "எண்ணெய் ஜாஸ்தி" என்பான். மற்ற ஆட்டக்காரர்கள் பெயரில் விற்கும் பெட்டிகளும் அதே எண்ணெயில் பொரித்தவைதான். அவற்றை மட்டும் வழித்துத் தின்பான்.

இந்த வருடம் சீகல்ஸுக்குக் கடைசி இடம். சொந்த ஊரிலேயே தொடர்ந்து ஒன்பது தோல்வி. சனிக்கிழமை தோற்ற கையோடு மேனேஜர் மைதானத்துப் பொதுக் குளியல் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் கிடந்தபடி, "நாளைக்கும் தோத்தா ஹோஷினாவ ரெண்டாம் அணிக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்று பயிற்சியாளரிடம் சொன்னது தெரகுச்சியின் காதில் விழுந்தது. அன்றைக்கு வீட்டில் இரண்டு கிண்ணம் சோறு அதிகமாக இறங்கியது.

"என்னங்க, ஜெயிச்சிட்டாங்களா?" என்றாள் மனைவி யோரிகோ.

"இல்லையே, தோத்துட்டாங்க" என்றான், சிரித்த முகமாக.

ஞாயிறு மதியம் எறியவேண்டியவன் முனகாதா. அவனுடைய வளையும் பந்து அன்றைக்கு வளைய மறுத்தது. ஆனால் கீழே விழும் பந்து கிணற்றில் போட்ட கல்லாக விழுந்தது. எந்தப் பந்து நன்றாக இருக்கிறது என்று ஹோஷினாவிடம் ஒரு வார்த்தை சொல்வது தெரகுச்சியின் கடமை. ஆட்டத்தில் எந்தப் பந்தை எறிவது என்று சாடை காட்டிக் கேட்பவன் கேட்சர்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் ஹோஷினா ஆட்டத்தைத் தொடங்குவான்.

பக்கத்துப் புல்லில் காலை நீட்டி உடம்பை முறித்துக்கொண்டிருந்த ஹோஷினா கேட்டான்: "எப்படிடா இருக்கு?"

"வளையுற பந்துதான் இன்னைக்கு ராஜா" என்றான் தெரகுச்சி. ஒன்பது வருடத்தில் முதல் பொய். நாக்கு கூசவில்லை, சொல்லப்போனால் இனித்தது.

முதல் சுற்றிலேயே முனகாதாவின் வளையாத வளைபந்து ஒன்று எதிரணிக்காரன் அடித்த அடியில் பார்வையாளர் வரிசைக்குப் பறந்தது. எதிரணிக்கு இரண்டு ரன். ஊரே தலையில் கைவைத்தது. தெரகுச்சி மட்டும் கையுறைக்குள் வாயைப் புதைத்து, "ஒழிஞ்சான்" என்றான்.

இரண்டாவது சுற்றிலிருந்து ஹோஷினா விழும் பந்தை மட்டுமே கேட்டான். எதிரணிக்காரர்கள் வெறும் காற்றை அடித்து அடித்து ஓய்ந்தார்கள். முனகாதா எட்டுச் சுற்றில் பதினோரு பேரைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பினான். ஆறாவது சுற்றில் மூன்று பேர் ஓடக் காத்திருக்க, ஹோஷினா அடித்த பந்து மதிலில் போய் மோதியது. மூன்று பேரும் ஓடி வந்து சேர்ந்ததில் மூன்று ரன். ஒரு மாதமாகப் பந்தைக் கோட்டைவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருந்த, நடுவில் நின்று பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப்கூடக் கடைசிப் பந்தைப் பாய்ந்து பிடித்துவிட்டான். மூன்றுக்கு இரண்டு. சீகல்ஸ் ஜெயித்தது.

சொந்த மைதானத்தில் ஜெயித்தால் அன்றைய நாயகனைச் சின்ன மேடையில் ஏற்றிப் பேசவைப்பார்கள். எங்கோ கிடந்த மேடையைத் தேடித் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். ஏறியவன் ஹோஷினா.

"இன்னைக்கு எந்தப் பந்து நல்லா இருக்குன்னு எனக்குக் காட்டிக்கொடுத்தது தெரகுச்சி. என்கூட அணிக்கு வந்தவன். அவனுக்கு ஒரு கைதட்டுங்க!"

இருபதாயிரம் பேர் தட்டினார்கள். பெரிய திரையில் தெரகுச்சியின் முகம் வந்தது, வாய் பிளந்தபடி. யோரிகோவிடமிருந்து செய்தி: "டிவியில உங்க முகம்! பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் வந்துட்டாங்க!"

உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் தெரகுச்சி ஹோஷினாவை மடக்கினான். "எதுக்குடா அப்படிச் சொன்னே?"

ஹோஷினா குனிந்து கால்கவசத்தைக் கழற்றினான். "மொதல்ல உன் வாய நம்பினேன், ரெண்டு ரன் போச்சு. அப்புறந்தான் யோசிச்சேன். நான் புல்லுல கெடந்தப்ப நீ போட்ட சத்தம் கேட்டுச்சு. வளையுற பந்த நாலு தடவ கேட்டே. விழுற பந்த 'இன்னொண்ணு போடு, இன்னொண்ணு போடு'ன்னு இருபது தடவ கேட்டிருப்பே. வாய்க்குப் பிடிக்காத சோத்த எவன்டா திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவான்?"

தெரகுச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. நல்ல பந்து வந்தால் கை தானாக நீண்டுவிடும் என்பதை மறந்து தொலைத்திருந்தான்.

"மேனேஜர்கிட்ட சொல்லப்போறியா?"

"இருபதாயிரம் பேர்கிட்ட சொல்லிட்டேனே, பத்தாதா?"

அடுத்த ஆட்டம் செவ்வாய்க்கிழமை. ஹோஷினா அதே புல்லில் காலை நீட்டிக்கொண்டு, அதே குரலில் கேட்டான்: "எப்படிடா இருக்கு?"

"வேகப்பந்து. மத்ததெல்லாம் தேறாது" என்றான் தெரகுச்சி. இந்தமுறை உண்மை.

ஹோஷினா தலையாட்டிவிட்டு முகமூடியை எடுத்துக்கொண்டு போனான். அந்த முகத்தில் ஒரு துளி சந்தேகம் தெரிந்திருந்தால்கூடத் தெரகுச்சிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. இடம், பெயர், சாப்பாட்டுப் பெட்டி போதாதென்று இந்தப் பெரிய மனசும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று வயிறு எரிய, தெரகுச்சி மறுபடி மூலையில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.