கராவா கீழே விழவில்லை

லெஸ்கோவாட்ஸ் பேருந்து நிலையத்தில் நெவென்காவுக்குப் பயப்படாத ஓட்டுநர் கிடையாது. பயணச்சீட்டு கொடுப்பதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவள் வேலை. "நீஷ் போகும் பேருந்து தாமதம்" என்று அவள் சொன்னால், அந்தத் தாமதத்துக்குக் காரணமானவன் எங்கிருந்தாலும் தலையைக் குனிந்துகொள்வான். ஆள் குட்டை. கோபம் மட்டும் ஆறடி.

அது அவளுடைய பிறவிக் குணம் என்று கணவன் ரடிசாவ் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். உண்மை அதுவல்ல. இருவரும் ஒரே துணி ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஆலையை மூடியபோது நீட்டிய தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள், ரடிசாவ் உட்பட. நெவென்கா மட்டும் வாசலில் நின்று கத்தினாள். பனி கொட்டியது. காவலாளிகூட உள்ளே போய்விட்டான். அவள் தொண்டை கட்டும்வரை கத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து யார் எதை மழுப்பினாலும் அவளுக்குப் பொறுக்காது.

கராவா அவளிடம் வந்தது ஸ்கோப்யே பேருந்தின் சாமான் அறையிலிருந்து. பெட்டிகளுக்கு நடுவே கரித்துணி போலக் கிடந்த குட்டியை ஓட்டுநர் காலால் தள்ளப் போனான். "கறுப்புப் பூனையைத் தவறவிட்ட பயணி உடனே பயணச்சீட்டு ஜன்னலுக்கு வரவும்" என்று நெவென்கா ஒலிபெருக்கியில் அறிவித்தாள். நிலையமே சிரித்தது. யாரும் வரவில்லை. வேலை முடிந்ததும் தன் மேலங்கிக்குள் வைத்து வீட்டுக்குத் தூக்கிப் போனாள். கராவா என்றால் கரி பூசியவள் என்று அர்த்தம்.

வீடு நான்காவது மாடியில் இருந்தது. அங்கே அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. அந்தக் கட்டடத்து ஜன்னல்களின் பிடியை மேலே திருப்பினால் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து நிற்கும். பூனை அந்த இடைவெளியில் வெளியே போய்விடலாம் என்று தாவும். பக்கவாட்டில் இடைவெளி கீழே போகப் போகக் குறுகும். இடுப்பு மாட்டிக்கொள்ளும். உதற உதற இன்னும் கீழே இறங்கி நெரியும். இரண்டாவது மாடிக்காரர்களின் பூனை அப்படித்தான் செத்தது. "ஜன்னல வலையோட முழுசாத் தொற, இல்லேன்னா மூடு. சாய்ச்சு மட்டும் வெச்சே, உன்னையே அதுல மாட்டிடுவேன்" என்று ரடிசாவிடம் சொல்லியிருந்தாள்.

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை. ஊர் முழுக்க சிவப்புக் குடைமிளகாய் சுடும் புகை. குளிர்காலத்துக்கு அய்வார் என்ற மிளகாய்த் தொக்கைக் கிண்டிப் புட்டியில் அடைக்காத வீடு லெஸ்கோவாட்ஸில் வீடே இல்லை. ரடிசாவ் பால்கனியில் இரும்புத் தட்டைப் போட்டு மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். அவன் தங்கை ஸ்டோயன்கா சமையலறையில் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நெவென்காவுக்குக் காலை வேலை. மதியம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள்.

"எங்க அவ?"

"மேசைக்குக் கீழ படுத்திருக்கா" என்றான் ரடிசாவ். "ஃப்ரிட்ஜ் மேலருந்து விழுந்துட்டா."

"தொப்புனு சத்தம் கேட்டுச்சு, அண்ணி" என்றாள் ஸ்டோயன்கா, கேட்காமலே.

நெவென்கா குனிந்தாள். கராவா வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முன்னங்கால்களை ஊன்றி அவளிடம் வரப் பார்த்தது. பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணி போல இழுபட்டு வந்தன. தொட்டாள். ஜில்லென்று இருந்தன.

"இவ்வளவு நேரம் மிளகாயா உரிச்சுட்டு இருந்தீங்க? ரெண்டு பேரும்?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மிளகாய்க் கூடையைத் தரையில் கவிழ்த்தாள். காலிக் கூடையில் துண்டை விரித்துப் பூனையை வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மருத்துவர் இஸ்க்ரா சின்ன வயதுக்காரி. பூனையின் தொடை இடுக்கில் விரலை வைத்து நாடி தேடினாள். கிடைக்கவில்லை. பின்னங்கால் நகம் ஒன்றை ஒட்ட வெட்டினாள். ரத்தம் வரவில்லை. எக்ஸ்ரே எடுத்தாள்.

"எங்கருந்து விழுந்துச்சு?"

"ஃப்ரிட்ஜ் மேலருந்தாம்."

"எலும்பு எதுவும் உடையல. முதுகும் நேராத்தான் இருக்கு. இது விழுந்த பூனை இல்லம்மா. காலுக்கு ரத்தமே போகல." இஸ்க்ரா கொஞ்சம் தயங்கினாள். "இதயத்துலருந்து ரத்தக்கட்டி வந்து அடைச்சா இப்படித்தான் இருக்கும். அப்படின்னா தேறுறது ரொம்பக் கஷ்டம், வலியும் தாங்காது. ஊசி போட்டுத் தூங்க வெச்சிடறதுதான் அதுக்கு நாம செய்யற நல்லது."

"காலைல என் ரொட்டிய புடுங்கித் தின்னவளுக்கு இதயத்துல என்ன?"

"வேற ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். எங்கயாவது மாட்டி நசுங்கியிருக்கணும். அதுவும் கொஞ்ச நேரம்தான்னா காப்பாத்தப் பாக்கலாம். சாய்ச்சு வெக்கிற ஜன்னல் இருக்கா வீட்ல?"

நெவென்கா போனை எடுத்தாள்.

"ரடிசாவ்! ஜன்னல சாய்ச்சியா?"

"நானா? இல்லயே. ஃப்ரிட்ஜ் மேலருந்துதான்..."

"பொய் சொன்னே, அந்த மிளகாயோட உன்னயும் சேத்து சுட்டுருவேன்!"

"சத்தியமா, நெவென்கா. விழுந்துட்டா."

வரவேற்பறையில் நாயோடு உட்கார்ந்திருந்தவர் நாயை இழுத்துக்கொண்டு வெளியே போனார். அவள் போனை வைத்தாள். மேசையில் கராவா முனகியது. பக்கத்துத் தட்டில் இஸ்க்ரா இன்னும் நிரப்பாத ஊசிக்குழாய் கிடந்தது. அதைப் பார்த்ததும் நெவென்காவின் சத்தம் அடங்கியது, கோபம் அடங்கவில்லை. மறுபடி போன் போட்டாள். இந்த முறை ஸ்டோயன்காவின் எண், ஸ்பீக்கரில்.

"ஸ்டோயன்கா, நான் கத்தல. கேட்டுக்கோ. கராவாவ சாகடிக்கிற ஊசி இங்க மேசை மேல இருக்கு. ஜன்னல்ல மாட்டியிருந்தா அந்த ஊசி வேணாம்னு டாக்டர் சொல்றாங்க. மாட்டலன்னா இப்பவே போட்டுடுவாங்க. மாட்டினாளா, இல்லயா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அண்ணி... பால்கனிக் கதவு தொறந்திருந்துச்சு. புகை தாங்கல. ஜன்னலயும் முழுசாத் தொறந்தா குறுக்குக்காத்து அடிக்கும்ல? எனக்குக் கழுத்து புடிச்சுக்கும். போன வருஷம் ஒரு பக்கம் வாயே கோணிப்போச்சே, மறந்துட்டீங்களா? அதான் அண்ணன் லேசா சாய்ச்சு வெச்சாரு."

"குறுக்குக்காத்து" என்றாள் நெவென்கா. "உன் கழுத்துக்காக."

"உங்ககிட்ட சொன்னா கொன்னுடுவீங்கன்னு அண்ணன்தான்..."

"எவ்வளவு நேரம் மாட்டியிருந்தா?"

"ஒரு தட்டு மிளகாய் கருகற நேரம் இருக்கும். தட்டுல போட்டப்ப கராவா பால்கனிலதான் இருந்தா. அண்ணன் திருப்பிப் போட்டு எடுத்துட்டு வந்து பாத்தா, ஜன்னல்ல தொங்கிட்டு இருக்கா."

இஸ்க்ராவும் லெஸ்கோவாட்ஸ்காரிதான். ஒரு தட்டு மிளகாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அப்ப அரை மணிக்கும் குறைச்சல்" என்றாள். அதற்குள் அவள் கை வேறு மருந்துப் புட்டியைத் தேட ஆரம்பித்திருந்தது. "பாக்கலாம்மா. பாக்கலாம்."

வலிக்கு மருந்து ஏறியது. சொட்டு மருந்து இறங்கியது. உடம்பைக் கம்பளியில் சுற்றி, அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள் இஸ்க்ரா. நெவென்கா பிடித்தாள். கராவா காதை மடக்கிச் சீறியது.

"உங்க கை உதறுதும்மா. அது பயப்படுது."

"உதறாம? எப்படி உதறாம இருக்கும்?"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ரடிசாவ் வந்தான். மேலங்கி இல்லை. முழங்கை வரை கரி. ஓடி வந்ததில் இரைத்தது.

"விழுந்துட்டான்னு சொன்னியே" என்றாள் நெவென்கா. "நீ சொன்னத நம்பி ஊசி போட இருந்தாங்க, தெரியுமா? இவ செத்திருந்தாலும் ஃப்ரிட்ஜ்தான்னு சொல்லிட்டே இருந்திருப்ப."

"பயமா இருந்துச்சு."

"யாருகிட்ட?"

"வேற யாருகிட்ட?"

"பயப்படு! நல்லா பயப்படு! பயந்துக்கிட்டே உண்மையச் சொல்லு! ஆலைல தலைய ஆட்டினே, ஊரே ஆட்டுச்சு, சரி. என் வீட்டுக்குள்ளயுமா?"

"சண்டைய வெளிய வெச்சுக்கோங்க" என்றாள் இஸ்க்ரா. "சார், நீங்க வந்து பிடிங்க."

"இவனா?"

"இவரு கை உதறலயே."

ரடிசாவ் பூனையின் கீழே கையைக் கொடுத்தான். கராவா அவன் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்தது. தினமும் அதற்குச் சோறு வைப்பவன் அவன்தான். ஜன்னலைச் சாய்த்த அதே கையில் அது கண்ணை மூடியதை நெவென்கா பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அன்று முழுவதும் அவளுக்கு இதைவிடப் பொறுக்காத காட்சி வேறு இல்லை.

சொட்டு மருந்துப் பை பாதியானபோது இஸ்க்ரா வலது பாதத்தின் விரலை இடுக்கியால் அழுத்தினாள். ஒன்றுமில்லை. இடது பாதத்தை அழுத்தினாள். பாதம் லேசாக இழுத்தது. மறுநொடி கராவா திரும்பி ரடிசாவின் கட்டைவிரலில் பல்லைப் பதித்தது. அவன் கையை எடுக்கவில்லை.

"கடிச்சுட்டா" என்றான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"வலிக்குதா?"

"ரொம்ப."

"கடிடீ. இன்னும் நல்லாக் கடி." நெவென்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு இஸ்க்ராவைப் பார்த்தாள். "வலது கால்?"

"நாளைக்குத்தான் தெரியும். இன்னிக்கு ஆட்டாம வெச்சிருந்தாலே பெருசு."

நெவென்கா ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து கணவனின் காலருகே போட்டு உட்கார்ந்தாள்.

"அசஞ்சே" என்றாள் அவனிடம், "தொலைச்சுடுவேன்."